சிறைப்பட்டுத் துஞ்சிய முன்னோர்: சான்றும் வழக்கும்

தோற்றுவாய்

போரிற் பற்றப்பட்டுப் பகைவர் காவலில் உயிர்நீத்த முன்னோர் ஒருவரைப் பற்றி அவர்தம் வழித்தோன்றல் ஆராயப் புகுங்கால், அவ்வாராய்ச்சி எம்முறையில் நடைபெறுதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். இது வரலாற்றுத் துறையார்க்கு உரிய வினாவன்றோ, தமிழ்த் துறையார்க்கு இதன்கண் என்ன வேலை என்று கேட்பார் உளராதல் கூடும். சான்றுகள் ஒன்றோடொன்று முரணுதலும், ஒரு செய்தி கைமாறுந்தோறும் உருமாறுதலும், பாட்டு ஒன்று கூற அதன் அடிக்குறிப்பு மற்றொன்று கூறுதலும் ஏட்டுச் சுவடியோடு பழகியவர்க்குப் புதியன அல்ல. மேலும், சிறையில் இறந்த போர்க்கைதி ஒருவனைப் பற்றிய மிகப் பழைய தமிழ் வழக்கு நம் தொகைநூலிலேயே உள்ளது. அதனை ஆராய்ந்து பெற்ற முறையை அண்மைக் காலத்து இறப்புகட்கும் பொருத்திப் பார்த்தல் தகும்.

பழைய இராமநாதபுர மாவட்டம் மழை குறைந்த நிலம். மலேயா, பருமா, இலங்கை ஆகிய நாடுகட்கு ஆட்களை மிகுதியாக அனுப்பிய நிலம். இராசபாளையத்திலோ திருவில்லிபுத்தூரிலோ வாழும் குடும்பம் ஒன்றனைக் கொள்வோம். பாட்டன் இரண்டாம் உலகப் போர்க்கு முன் கடல் கடந்தார்; பட்டாளத்தில் சேர்ந்து சென்றாரோ, தோட்டக் கூலியாகச் சென்றாரோ, வீட்டார் இருவகையாகவும் சொல்வர். 1942க்குப் பின் கடிதம் இல்லை. போர் முடிந்த பின்னர், உடன் சென்ற ஒருவர் ஊர் திரும்பி, அவர் சப்பானியர் பிடியில் இறந்தார் என்றார். நாளும் இடமும் அவர் சொல்லிற்றிலர். இறந்த நாள் தெரியாமையின் ஆண்டுத் திதி கொடுக்க இயலவில்லை. ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் மகாளய அமாவாசையிலும் பொதுவாக எள்ளும் நீரும் இறைப்பதோடு குடும்பம் அமைகின்றது. எண்பது ஆண்டு கழிந்தபின் பேரரோ பேர்த்தியாரோ தேடப் புகுகின்றார். இக்குடும்பம் எடுத்துக்காட்டின் பொருட்டு யாம் வகுத்துக்கொண்டது. எனினும் இதன் கூறுகளுள் ஒன்றேனும் அரிதன்று.

இத்தேடலில் நேரும் இடர் சான்றின்மை மட்டுமன்று. கிடைத்த சான்றை அன்பினால் திருத்திக்கொள்ளும் வேட்கை அதனினும் பெரிய இடராகும். அவ்வேட்கை எவ்வாறு செயற்படும் என்பதைச் சேரமான் கணைக்காலிரும்பொறையின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

கணைக்காலிரும்பொறை பற்றிய இருவழக்கு

உ. வே. சாமிநாதையர் 1894இல் பதிப்பித்த புறநானூற்றின் 74ஆம் பாட்டு இச்சேர மன்னன் பெயரால் வழங்குவது. அதன் அடிக்குறிப்பு கூறும் செய்தி வருமாறு: அவன் சோழன் செங்கணானோடு திருப்போர்ப்புறத்துப் பொருது பிடிபட்டான், குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான், தண்ணீர் கேட்டுப் பெறாது, பின்னர்ப் பெற்று, அதனைக் கையிற் கொண்டிருந்தும் உண்ணாது இப்பாட்டைச் சொல்லித் துஞ்சினான். ‘துஞ்சிய’ என்னும் சொல் ஈண்டு இறந்தமையைக் குறித்தல் வெளிப்படை.

இதற்கு மறுதலையான வழக்கு ஒன்றும் உண்டு. பதினெண்கீழ்க்கணக்கினுள் ஒன்றாகிய களவழி நாற்பதின் இறுதிக் குறிப்பு, பொய்கையார் அந்நூலைப் பாடிச் சேரனைச் சிறையினின்று மீட்டார் என்கின்றது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியும், ஒட்டக்கூத்தரின் விக்கிரமசோழன் உலாவும் பொய்கையின் கவிகொண்டு சேரன் காற்றளையைச் சோழன் நீக்கினான் என்றே புகழ்கின்றன. பிற்காலத்துத் தமிழ் நாவலர் சரிதை இவ்விரண்டையும் இணைக்கின்றது. சேரன் சிறையிலிருந்தபோது பொய்கையார்க்கு எழுதிவிடுத்த பாட்டாகவே அது புறப்பாட்டைக் காட்டுகின்றது. துஞ்சுவான் சொல்லிய பாட்டு ஈண்டு விடுதலை வேண்டும் ஓலையாயிற்று. பாட்டின் சொல் மாறவில்லை. அதனைச் சூழ்ந்த கதையே மாறிற்று.

பின்வந்த ஆராய்ச்சியாளருள் சிலர் வேறொரு வழியால் முரண் தீர்க்க முயன்றனர். பொய்கையார் பாடியதும் உண்மை, சோழன் விடுவிக்க இசைந்ததும் உண்மை. ஆயின் விடுதலை வருமுன் சேரன் இறந்துபட்டான் என்பது அன்னோர் கருத்து. படிப்பார் உள்ளத்தை உருக்கும் முடிவு இது. ஆயினும், பழைய நூல் எதுவும் இதனைக் கூறவில்லை. முரணிய இரு சான்றுகளையும் காப்பாற்றும் பொருட்டு, எச்சான்றிலும் இல்லாத மூன்றாவது கதை ஒன்று பிறந்தது. சான்றோடு சான்று முரணுங்கால் இரண்டனையும் அருகருகே நிறுத்தி, எது எவரால் எதன்பொருட்டுச் சொல்லப்பட்டது என வினாவுதலே ஆராய்ச்சி நெறியாகும்.

அவ்வாறு வினாவின், விடுதலை வழக்கு கிடைக்கும் இடங்களைக் காண்க. பரணியும் உலாவும் சோழர் அவையிற் பிறந்தவை. முன்னோன் ஒருவன் புலவன் பாட்டுக்கு இரங்கிப் பகைவனை விடுத்தான் என்பது சோழர்க்குப் புகழ். சிலப்பதிகாரத்துச் செங்குட்டுவன் தான் பற்றிய ஆரிய மன்னரைக் கடவுள் மங்கலத்தின்போது சிறைவீடு செய்ததும் இவ்வகைப் புகழே. சிறைவிடுத்தல் வென்றோன் கொடையாக எண்ணப்படுதலின், வென்றோன் பக்கத்து நூலில் அஃது இடம்பெறுதல் இயல்பு. களவழி நாற்பதின் பாட்டுகளோ முழுதும் போர்க்கள வருணனை. அவற்றுள் விடுதலை வேண்டும் சொல் யாண்டும் இல்லை. விடுதலைச் செய்தி நூலின் இறுதிக் குறிப்பில்தான் உள்ளது.

இங்ஙனம் கூறுதலால், புறநானூற்று அடிக்குறிப்பு ஐயத்திற்கு அப்பாற்பட்டது என யாம் கொள்ளவில்லை. அதுவும் பாடினோன் எழுதியதன்று; தொகுத்தோர் காலத்தது. உண்ணாது துஞ்சுதல் சேரர்க்கு மானப்புகழ் ஆதலின், அதனைச் சொல்லவும் ஒரு பக்கத்தார்க்குக் காரணம் உண்டு. ஆகவே ஒன்று சோழன் அருளையும் மற்றொன்று சேரன் மானத்தையும் ஏத்துகின்றது. இருபாலும் புகழ்நோக்கு இருத்தலின், புகழுக்கு உதவாத பகுதி எது என்று தேடுதல் வேண்டும்.

இரந்ததை மறையாத பாட்டு

அப்பகுதி பாட்டினுள்ளேயே உள்ளது. இப்பாட்டைப் பாடநூல்களும் சொற்பொழிவாளரும் மானத்தின் இலக்கணமாகவே எடுத்துக்காட்டி வருகின்றனர். குழவி இறந்து பிறப்பினும், உறுப்பற்ற தசைப்பிண்டமாகப் பிறப்பினும் வாளால் வடுப்படுத்தாது விடாத குடியிற் பிறந்தவன் எனத் தொடங்கும் முற்பகுதி அவ்வெண்ணத்திற்கு இடந்தருவதே. ஆயின் பிற்பகுதி கூறுவது யாது? சங்கிலியாற் பிணித்த நாய் போலத் துன்புறுத்தி வைக்கப்பட்ட நிலை. உதவும் உள்ளம் இல்லாரிடத்து நீரை இரக்க நேர்ந்தமை. வயிற்றுத்தீயைத் தணிக்கும் மனவலி தன்பால் இல்லாமை. இத்துணையும் பாடினோன் தன் வாயாலேயே சொல்கின்றான். மானம் உடைமையை மட்டும் நிறுவ விரும்பியவன், தான் இரந்ததைச் சொல்லாது விட்டிருத்தல் கூடும். இப்பாட்டு அதனை மறைக்கவில்லை. நீர்வேட்கை உடலை வென்றது, பின்னர் உள்ளம் உடலை வென்றது என்னும் இரண்டனையும் வைத்திருத்தலாலேயே இது பாட்டாகின்றது. முன்னதை நீக்கிப் பின்னதை மட்டும் எடுத்தாளுவோர் சேரனை உயர்த்துவதாக எண்ணி அவன் பட்ட பாட்டை மறைக்கின்றனர்.

தன் புகழுக்கு எதிராக ஒருவன் கூறும் கூற்று நம்பத்தக்கது என்பது சான்று நூலாரும் உடன்படும் நெறி. அந்நெறிப்படி, அவன் சிறையில் நீர்வேட்கையுற்று வாடினான் என்பது இவ்வரலாற்றில் மிக உறுதியான பகுதி. கைக்கொண்ட நீரை உண்ணாது இறந்தான் என்பது அடிக்குறிப்பு மட்டும் கூறுவது. அதனை அடுத்த நிலையில் வைக்கலாம். விடுதலை பெற்றான் என்பது அதற்கும் அடுத்த நிலையது.

ஈண்டு ஒரு தடை எழும். இப்பாட்டைச் சேரன்தான் பாடினான் என்பதற்கு உறுதி யாது? பிறிதொரு புலவர் அவன் கூற்றாக வைத்துப் பாடியிருத்தல் கூடாதோ? கூடும். அவனே பாடினான் எனக் கொள்ளினும், சிறைக்குள் கேட்டவர் யாவர், வெளியே கொணர்ந்தவர் யாவர் என்னும் வினா நிற்கின்றது. காவலனோ உடன்சிறைப்பட்டவனோ கேட்டுச் சொல்லாவிடின் இப்பாட்டு நமக்குக் கிட்டியிராது. சிறையில் இறந்தார் பற்றிய செய்தி யாவும் இவ்விருவருள் ஒருவர் வழியாகவே வரும். காவலன் எழுதின் அது பதிவேடு. உடனிருந்தவன் சொல்லின் அது வாய்மொழி. இவ்வேறுபாட்டை மனத்துட்கொண்டு நம் காலத்து வழக்குக்கு வருவோம்.

பதிவேட்டைப் படிக்கும் முறை

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறத்தாழ 40,000 இந்தியப் படையினர் பிப்ரவரி 17இல் பாரர் பூங்காவில் சப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவருள் ஒரு பகுதியார் இந்திய தேசிய இராணுவத்திற் சேர்ந்தனர். சேராதார் கைதிகளாகவே வைக்கப்பட்டனர். அவருட் பலர் நியூகினி, நியூபிரிட்டன் முதலிய தென்பசிபிக் தீவுகட்கு உழைப்பாளராகக் கொண்டுசெல்லப்பட்டு அங்கே மாண்டனர். நியூபிரிட்டனில் இரபவுல் நகரை அடுத்த பிட்டா பாக்கா போர்க் கல்லறையில் இந்தியப் படையினர் பலர் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர். கல்லறை அறியப்படாத 24,000க்கு மேற்பட்டோர் பெயர் சிங்கப்பூர்க் கிராஞ்சி நினைவகத்துச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளது. சமய முறைப்படி எரியூட்டப்பெற்ற ஏறத்தாழ 800 பேர்க்கு, அவருட் பெரும்பாலார் இந்தியப் படையினர், அங்கேயே தனி நினைவிடம் உண்டு.

1917இல் தோன்றிய பொதுநலநாட்டுப் போர்க்கல்லறை ஆணையத்தின் பதிவேடு இவர்க்குரிய முதற்சான்று. இரண்டாம் உலகப்போரில் இறந்த இந்தியப் படைஞர் பலர்க்கு எண், படைப்பிரிவு, இறந்த நாள், தந்தை பெயர், ஊர், மாவட்டம் ஆகியன அதன்கண் தரப்பட்டுள்ளன. ஆயின் பதிவேடும் ஒரு பனுவலே. அதற்கும் பாடவேறுபாடு உண்டு, எழுதினோர் பிழையும் உண்டு.

முதலாவது ஊர்ப்பெயர். நம் பேரர் இராசபாளையம் என்று தேடின் காணாது மீளுதல் கூடும். அவ்வூர் அக்காலத்துத் திருவில்லிபுத்தூர் வட்டத்தைச் சார்ந்திருந்தது. தனி வட்டமானது பின்னர். ஆதலின் இராசபாளையத்தார் ஒருவர் திருவில்லிபுத்தூர் என்னும் பெயரின்கீழ் எழுதப்பட்டிருத்தல் இயலும். மாவட்டப் பெயரும் நிலையாக இருந்ததன்று. 1910ஆம் ஆண்டு வரை இப்பகுதி திருநெல்வேலி மாவட்டத்தது. அவ்வாண்டு இராமநாதபுர மாவட்டம் வகுக்கப்பட்டபோது அதனுட் சேர்ந்தது. 1985இல் காமராசர் மாவட்டமாகப் பிரிந்து, இன்று விருதுநகர் மாவட்டமாக வழங்குகின்றது. இன்றைய மாவட்டப் பெயரால் போர்க்காலப் பதிவேட்டைத் துருவுவார்க்கு ஒன்றும் அகப்படாது. இராசபாளையம், இராஜபாளையம், ராஜபாளையம் எனத் தமிழிலேயே மூன்று எழுத்துமுறை உள்ளபோது, தமிழறியா எழுத்தர் ஆங்கிலத்தில் எத்துணை வகையாக எழுதியிருப்பர் என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. ஏட்டில் ரகர றகர மயக்கம் கண்டு உண்மைப் பாடம் உய்த்துணரும் பயிற்சி ஈண்டும் வேண்டப்படும்.

இரண்டாவது ஆட்பெயர். இரெங்கமன்னார் என்பது திருவில்லிபுத்தூரில் ஆண்டாளோடு எழுந்தருளியுள்ள பெருமாளின் பெயர். அப்பெயருடைய படைஞர் ஒருவரைப் பதிவேட்டிற் காணின் அவர் இவ்வட்டாரத்தார் என எண்ணத் தோன்றும். எண்ணலாம், துணியலாகாது. பெயரொருமை ஆளொருமை ஆகாது என்பதைப் பொய்கையார் வழக்கே கற்பிக்கும். புறநானூற்றுப் பொய்கையாரும், களவழி பாடிய பொய்கையாரும், பொய்கையாழ்வாரும் ஒருவரே என்பாரும் வேறென்பாரும் நெடுங்காலம் வாதிட்டது பெயரொன்று பற்றியே. தந்தை பெயரும் ஊரும் படைப்பிரிவும் ஒருங்கே பொருந்தினாலன்றி இன்னார் என முடிவு கூறுதல் தகாது.

மூன்றாவது நாள். ஒரு படைஞர் கைதியாக இறந்தாரா, களத்தில் இறந்தாரா என்பதைப் பதிவு வெளிப்படையாகக் கூறாது விடுதலும் உண்டு. நாளைக் கொண்டே உய்த்துணர வேண்டும். சிங்கப்பூரில் பிடிபட்ட படைப்பிரிவினர் ஒருவர் 1943இலோ 1944இலோ இறந்ததாக எழுதப்பட்டிருப்பின், கைதியாக இறந்தார் என்னும் கருத்துக்கு அது பெருந்துணை. 1942 பிப்ரவரி 15 என்றே இருப்பின், அது மெய்யான இறந்தநாளா, காணாமற் போனவர்க்கு எழுத்தர் வகுத்த நாளா என்று ஐயுறுதல் வேண்டும். அந்நாளைக் கொண்டு திதி கணிக்கப் புகும் குடும்பத்தார்க்கு இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பது ஆராய்வோர் கடன். கணித்தல் அவர் உரிமை. அந்நாளின் உறுதி இத்துணையது என அறிந்து கணித்தல் நன்று.

பதிவேட்டை முற்றும் நம்பலாகாமைக்கு முதல் உலகப்போர் மற்றொரு சான்று தருகின்றது. ஈராக்கில் உள்ள பசுரா நினைவகத்தில் பிரித்தானியர் பெயரும் இந்திய அதிகாரிகள் பெயரும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்கள் பெயராலன்றி எண்ணிக்கையாலேயே குறிக்கப்பட்டனர். இத்தகைய ஏற்றத்தாழ்வு நிகழ்ந்ததை அவ்வாணையமே அமைத்த குழுவின் அறிக்கை 2021இல் ஒப்புக்கொண்டது. பெயர் இன்மை ஆள் இன்மைக்குச் சான்றாகாது.

பெயர் எழுதப்படாத சிறை

பட்டாளத்தார் நிலை இது. தோட்டக் கூலிகளாகச் சென்றார் நிலை இதனினும் இரங்கத்தக்கது. சயாமையும் பருமாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள இருப்புப்பாதையைச் சப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபர் 17இல் இணைத்து முடித்தனர். அதன்கண் உழைத்த 60,000க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளுள் 12,000க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர் தொகை இதனினும் பன்மடங்கு. அவருள் மலேயத் தோட்டங்களினின்று கொண்டுபோகப்பட்ட தமிழர் பெரும்பகுதியினர். இறந்த தொழிலாளர் 90,000 வரை இருக்கலாம் என்பது பலரும் எடுத்தாளும் மதிப்பீடு. வாந்திபேதி, மலைக்காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, பட்டினி ஆகியவற்றால் அவர் மடிந்தனர்.

கைதிகளின் சாவுக்கும் கூலிகளின் சாவுக்கும் நோய் ஒன்றே, எழுத்தே வேறுபட்டது. கைதிகள் தம் தோழர் புதைக்கப்பட்ட இடங்களைக் குறித்து மறைவாக வைத்திருந்தனர். போர் முடிந்தவுடன் 1945 செப்டம்பர், அக்டோபர்த் திங்கள்களில் ஒரு குழு பாதை நெடுகச் சென்று 10,000க்கு மேற்பட்ட கல்லறைகளைக் கண்டறிந்தது. காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் இன்று ஏறத்தாழ 7,000 பேர் அடக்கம் கொண்டுள்ளனர். அவர் பொதுநலநாட்டாரும் ஒல்லாந்தரும் ஆவர். கூலிகட்கு இத்தகைய குறிப்பும் இல்லை, தேடும் குழுவும் இல்லை.

இவர் போர்க்கைதிகள் அல்லர், கூலிக்குச் சென்றவர் என்று பிரித்துரைப்பார் உளர். சட்டநோக்கில் அப்பிரிவு நிற்கலாம். தமிழ்ச்சொல் நோக்கில் நில்லாது. ‘சிறை’ என்பது கட்டடத்தை மட்டும் உணர்த்தும் சொல்லன்று. காவலும் தடையும் அதன் பொருள். நீரைத் தடுக்கும் கரையும் சிறை எனப்படும். மகளிரைக் காத்தல் பற்றிய திருக்குறளில் வருவதும் காவற்பொருளதே. மீளவிடாது காவலில் வைக்கப்பட்டு, ஓடினால் ஒறுக்கப்பட்டு உழைத்தவர் சிறைப்பட்டவரேயாவர். ஆதலின் இவர் பேரரும் போர்க்கைதியின் பேரரே என்பது எம் துணிபு.

இவரைத் தேடுவார்க்குப் பதிவேடு இல்லாவிடினும் கால எல்லை ஒன்று உண்டு. உதவிபெற்று மலேயாவுக்குச் செல்லும் கூலியாட்களை அனுப்புதலை இந்திய அரசு 1938ஆம் ஆண்டு தடைசெய்தது. ஆதலின் கங்காணி வழியாகச் சென்றார் எனக் குடும்பத்தார் கூறுவாராயின், பயணம் பெரும்பாலும் அவ்வாண்டுக்கு முற்பட்டது எனக் கொண்டு கப்பற் பதிவுகளையும் தோட்டப் பதிவுகளையும் நாடலாம்.

புதினம் சான்றாமோ

பதிவேடு வாய்மூடிய இடத்தில் புதினம் பேசுகின்றது. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ என்னும் மலேசியத் தமிழ்ப் புதினங்கள் இவ்விருப்புப்பாதையைப் பொருளாகக் கொண்டவை. பழைய இராமநாதபுர மாவட்டத்துச் சிங்கம்புணரியிற் பிறந்து, போர்க்காலத்தை இந்தோனேசியாவில் கழித்த ப. சிங்காரம், ‘கடலுக்கு அப்பால்’, ‘புயலிலே ஒரு தோணி’ என்னும் இரு புதினங்களில் அக்காலத் தமிழர் வாழ்வைத் தீட்டினார். பின்னதன் தலைமகன் பாண்டியன் தாய்மண் மீளாது இறக்கின்றான்.

பேரர்க்கு இந்நூல்கள் எவ்வாறு பயன்படும்? ஆளுக்குச் சான்றாகா, நிலைக்குச் சான்றாகும். முகாமில் எவ்வாறு உண்டனர், எம்மொழியில் ஏசப்பட்டனர், இறந்தாரை எவ்வாறு அகற்றினர் என்பன போன்ற செய்திகள், உடன் வாழ்ந்தார் நினைவினின்று எழுந்தனவாயின், மதிப்புடையன. அவற்றை எடுத்து, ‘எம் பாட்டனாரும் இங்ஙனமே இறந்தார்’ என எழுதுதல் தமிழ் நாவலர் சரிதையார் செய்த செயலை மீண்டும் செய்வதாகும். ‘இங்ஙனம் இறந்தார் பலர், அவருள் எம் பாட்டனாரும் ஒருவராதல் கூடும்’ என்பதே எழுதத்தக்க அளவு.

குடும்ப வழக்கின் மதிப்பு

திருவில்லிபுத்தூர் கோயிலால் மட்டுமன்றி நீதிமன்றத்தாலும் பெயர்பெற்ற ஊர்; விருதுநகர் மாவட்டத்தின் முதன்மை நீதிமன்றம் இன்றும் அங்கேயே உள்ளது. ஆதலின் சான்றுச் சட்டத்தை ஈண்டுக் கருதுதல் பொருத்தமே. 1872ஆம் ஆண்டின் இந்தியச் சான்றுச் சட்டம் செவிவழிச் செய்தியைப் பொதுவாக ஏலாது. ஆயின் இறந்தார் ஒருவர் உறவுமுறை பற்றிப் பூசல் எழுமுன் கூறியதையும், தம் நலத்துக்கு எதிராகக் கூறியதையும் அதன் 32ஆம் பிரிவு ஏற்கும். ஏழாண்டு செய்தி கேட்கப்படாதவர் உயிரோடுள்ளார் என்பார் அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்பது 108ஆம் பிரிவு. 2024 சூலை 1 முதல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பெற்றதாயினும் இவ்விதிகள் தொடர்கின்றன. இச்சட்டக் கருத்துகள் ஆராய்ச்சிக்கும் அளவுகோலாகத் தக்கன.

பாட்டியார் சொல்லிச் சென்றவற்றை இவ்வளவுகோலால் அளந்து பார்ப்போம். ‘நேதாசியின் படையிற் சேர்ந்து வீரமரணம் எய்தினார்’ என்பது ஒன்று. ‘கடனுக்கு அஞ்சி, சொல்லாமற் கப்பலேறினார்’ என்பது மற்றொன்று. குடும்பத்தார் முன்னதையே விரும்பிச் சொல்வர். பின்னதைத் தயங்கிச் சொல்வர். ஆராய்வார்க்கு முதலில் உதவுவது பின்னதே. அது புகழ் கருதிப் பிறந்திருக்க இயலாது. கடன் பத்திரம், நில அடமானம் முதலிய எழுத்துச் சான்றுகட்கும் வழிகாட்டும். முன்னது பொய் என யாம் கூறவில்லை. இந்திய தேசிய இராணுவம் 1942இல் தோன்றிக் குலைந்து, சுபாசு சந்திர போசு 1943 சூலையில் சிங்கப்பூர் வந்தபின் மீண்டும் எழுந்தது. தோட்டத் தமிழர் பலர் அதிற் சேர்ந்தமை வரலாறு. எனினும் சேராது கைதியாயிருந்து மாண்டவரும் பலர். இருவகையாரும் துன்புற்றவரே. பேரர் தம் காலத்து விருப்பத்திற்கேற்ப ஒரு பக்கத்தை முன்னோர்க்குத் தேர்ந்துகொடுத்தல் முறையன்று.

ஊர்மீண்ட தோழரின் சொல்லையும் இவ்வாறே அளக்க வேண்டும். அவர் நாளும் இடமும் சொல்லாமை கொண்டு அவரைப் பொய்யர் எனல் தவறு. வாந்திபேதி முகாமில் நாள் எண்ணியிருந்தார் சிலரே. மேலும், இறந்தவர் மனைவி முன் நின்று, அவர் நீர் கேட்டுக் கிடந்தார், கொடுப்பாரில்லை என்று சொல்ல எவர்க்கும் நா எழாது. ஆதலின் அவர் சொல்லாது விட்டதும் ஒருவகைச் சான்றே. அவ்விடைவெளியைப் பேரர் தம் கற்பனையால் நிரப்பாது, வெளியாகவே குறித்துவைத்தல் நன்று.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவன இவை. முரணும் சான்றுகளை இணைக்க மூன்றாவது கதை புனைதல் ஆகாது. ஒவ்வொரு கூற்றும் எவர் புகழ்க்குப் பயன்படுகின்றது எனக் காணல் வேண்டும். புகழ்க்குப் பயன்படாத கூற்றை முதற்கண் பற்றுதல் வேண்டும். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் நாளும் பாடவேறுபாடு நோக்கி ஆராயப்படல் வேண்டும். இலக்கியம் காட்டும் பொதுநிலையைத் தனியொருவர் வரலாறாக மாற்றலாகாது.

தொல்காப்பியர் புறத்திணையியலில் நடுகல் பற்றிய துறைகளைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என நிரல்படுத்தினார். கல்லைத் தேடிக் காணுதல் முதலில் நிற்கின்றது. வாழ்த்துதல் இறுதியில் வருகின்றது. காஞ்சனபுரியில் 2023ஆம் ஆண்டு, இருப்புப்பாதையில் மாண்ட தமிழர் நினைவாக நடுகல் ஒன்று நிறுத்தப்பட்டது. தனித்தனிக் கல் பெறாத பல்லாயிரவர்க்கும் பொதுவான கல் அது. அக்கல்லின் முன் நின்று வாழ்த்த விரும்பும் பேரர், காட்சியாகிய முதற்றுறையைத் தம் வீட்டிலேயே தொடங்குதல் கூடும். மூத்தோர் வாய்மொழியை அவர் சொன்னவாறே எழுதிவைத்தலும், பழைய கடிதத்தையும் அஞ்சல் முத்திரையையும் காத்தலும், வட்டமும் மாவட்டமும் மாறிய ஆண்டுகளை உளங்கொண்டு பதிவேடுகளைத் துருவுதலும் அதன் கூறுகள்.

தேடி முடிந்தபின் நாள் கிடைக்காது போதலும் கூடும். அந்நிலையில் அமாவாசைதோறும் இறைக்கப்படும் நீரே எஞ்சும். சிறைப்பட்ட சேரன் வேண்டியதும் நீரே. ஆதலின், ‘எம் பாட்டனார் எங்கு, எந்நாள் இறந்தார் என அறியேம், நீர்வேட்கையோடு இறந்தார் பலருள் ஒருவர் என்பது மட்டும் அறிவேம்’ என எழுதிவைக்கும் பேரர் தம் ஆராய்ச்சியில் தோற்றவர் ஆகார். சான்று சென்ற அளவு சென்று நின்றவர் அவர். இம்முடிபுகளைப் பிற வட்டாரத்து வழக்குகளோடும் ஒப்பிட்டு, குறை காணின் திருத்துமாறு அறிஞரை வேண்டுகின்றோம்.